மங்கள் பஜார் கூடிய அன்று

சுமதிக்கும் ரகுவுக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் சுமதியின் பிறந்த நாளன்று ரகு என் போனுக்கு ஒரு பட்டியல் அனுப்பினான். அந்தத் தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது, எந்தப் பெரியவர்கள் பிறந்தார்கள், எந்தப் பெரியவர்கள் இறந்தார்கள் என்று விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டிய நீளமான பட்டியல். எங்கோ ஒரு ராஜாவுக்கு முடிசூட்டியிருக்கிறார்கள். எங்கோ ஒரு கப்பல் முழுகியிருக்கிறது. கீழே ரகுவின் கேலி: "அப்பா, நீங்க இத்தனை வருஷம் உக்காந்து பாத்த வேலைய இது ரெண்டு செகண்டுல பண்ணிடுச்சு."

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். மூன்று தரம் படித்தேன். நான் தேடியது அதில் இல்லை. முந்தைய நாளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அங்கே இருந்தது, ஒரே ஒரு வரி. டில்லியில் ஒரு கட்டடம் இடிந்து கூலியாட்கள் இறந்தது பற்றிய வரி. அது ஒரு நாள் தள்ளித் தப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் உங்கள் அப்பாதான்.

சுமதி, நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது ஒரு குறை சொல்வாய். "என் பர்த்டே அன்னிக்கு மத்தியானம் மட்டும் அப்பா எங்கயோ போயிடறார்." ஆபீஸ் வேலை என்று சொல்லிவைத்தேன். அது பொய். இரண்டையும் சேர்த்து இப்போது எழுதிவிடுகிறேன். உங்கள் இருவருக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். ஆனால் இந்தியில் எழுதினால் எனக்குப் பிழை வரும், இங்கிலீஷில் எழுதினால் பொய் வரும். மெதுவாகப் படியுங்கள். புரியாததை அம்மாவிடம் கேளுங்கள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பிங் ஹையரும் வைத்துக்கொண்டு எழுபதுகளின் தொடக்கத்தில் டில்லிக்கு வந்தேன். கரோல் பாகில் ஐந்து பேர் ஒரு அறை. முதல் இரண்டு வருடம் யார் யாரிடமோ டைப் அடித்தேன். பிறகு கோல் மார்க்கெட் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த செய்தி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஊர் ஊராக இருக்கும் சின்னப் பத்திரிகைகளுக்குத் தபாலில் குறிப்புகள் அனுப்புவதுதான் அவர்கள் தொழில். அதில் ஒன்று 'வரலாற்றில் இன்று'. அதைத் தயாரிக்கும் பிரிவுக்குத் தேதிப் பிரிவு என்று பேர். நாங்கள் மொத்தம் மூன்று பேர்.

சுவர் முழுக்கத் தேக்கு மரத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் பூட்டு கிடையாது, எங்கள் டீ டம்ளர்கள் அதில்தான் இருக்கும். ஒவ்வொரு அறையிலும் அட்டைகள். நடந்தது வெள்ளை அட்டை, பிறப்பு மஞ்சள், இறப்பு சாம்பல் நிறம். ஒரு பெரிய மனிதர் இறந்தால் அவருடைய மஞ்சள் அட்டையை எடுத்து மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். பிறகு சாம்பல் அட்டை ஒன்று அடித்து, இறந்த தேதியின் அறையில் சேர்க்க வேண்டும். மூலை நறுக்கியிருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பிரிவின் தலைவர் சக்ஸேனா சாப். ஒல்லியான ஆள். கோடையிலும் கைவைத்த ஸ்வெட்டர். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நம் கையில் இருக்கும் அட்டையைத்தான் பார்ப்பார். எந்த அட்டையானாலும் ஒரே கேள்வி: "பக்கா?" நிச்சயம்தானா என்று அர்த்தம். ஆமாம் என்றால் மறுபடியும், "பக்கா?" மூன்றாம் தரமும் கேட்பார். மூன்றாவது தரம் நம் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், அட்டை திரும்பி வந்துவிடும். இறங்கவில்லை என்றால் சிவப்புப் பென்சிலால் ஒரு மூலையில் 'ஸ' என்று கிறுக்குவார். அப்புறம்தான் அது அறைக்குள் போகும்.

இரண்டு ஆதாரம் இல்லாமல் யாரையும் சாக விடமாட்டார். ஒரு நாள் ஒரு பெரிய சிதார் வித்வான் போய்விட்டார் என்று ஆபீஸே கத்திக்கொண்டு ஓடியது. பக்கத்துப் பிரிவுக்காரன் வந்து, "சாப், ஜல்தி! அட்டையைக் கொடுங்க, மூலையை நறுக்கணும்" என்று மேசையைத் தட்டினான். இவர் கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு டீ குடித்தார். "ஒருத்தன் சொன்னான் என்று நான் ஒரு மனுஷனைக் கொல்ல முடியுமா?" ஒரு மணி நேரம் கழித்து வித்வான் ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்து பால் குடித்தார் என்று செய்தி வந்தது. அன்று முதல் சக்ஸேனா சாப் சொல்வதே எனக்கு வேதம்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த இன்னொரு பாடம் 'ஏக் தின் கம்', ஒரு நாள் குறை. காலைப் பத்திரிகையில் இருப்பதெல்லாம் நேற்று நடந்தது. புதன்கிழமைப் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு என்றால், அட்டையில் செவ்வாய்க்கிழமைத் தேதி போட வேண்டும். புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் தப்புச் செய்வது இங்கேதான். நானும் முதல் மாதத்தில் இரண்டு தரம் செய்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் என் கைக்குப் பழகிவிட்டது. துண்டில் குத்திய தேதியைப் பார்த்ததும் கை தானாக ஒன்றைக் கழித்துவிடும்.

மாலைப் பத்திரிகை என்றால் மட்டும் கழிக்கக் கூடாது. அதில் அன்று காலை நடந்தது அன்றைக்கே வந்துவிடும். அதற்காக, துண்டு வெட்டுகிறவர் ஓரத்தில் ஒரு நீலக் கோடு போட்டு வைப்பார். அப்படிப்பட்ட துண்டுகள் மாதத்துக்கு ஐந்தோ ஆறோ வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உங்கள் அம்மாவும் நானும் சரோஜினி நகரில் ஒரு சர்க்கார் குவார்ட்டர்ஸின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். தசரா முடிந்து, தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு காலையில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பத்தரை மணிக்கு நீ பிறந்தாய், சுமதி. நான் லட்டு வாங்கிக்கொண்டு பின் கேட் வழியாகத் திரும்பி வந்தபோது உச்சி வெயில். அப்போது ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். தலைமுடி, முகம், கை கால் எல்லாம் வெள்ளை. முதலில் சுண்ணாம்பு என்று நினைத்தேன். அது சிமென்ட் தூள். சிலர் முனகினார்கள், சிலர் முனகவில்லை. ஒருவனைக் கதவுப் பலகை ஒன்றின் மேல் கிடத்தி என் பக்கமாகவே கொண்டுவந்தார்கள்.

வார்டுக் கிழவர் ஒருவர் என் கையில் இருந்த லட்டுப் பெட்டியைப் பார்த்தார். "பேட்டி ஹுயீ ஹை நா, பையா? உதர் மத் தேக்கோ" என்றார். பெண் பிறந்திருக்கிறது, அந்தப் பக்கம் பார்க்காதே என்று. நான் பார்க்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பலகை என் முதுகை உரசிக்கொண்டு போயிற்று. சட்டையில் ஒட்டிய வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

எட்டு நாள் லீவு. குழந்தை, அம்மா, வெந்நீர், மருந்து என்று ஓடியதில் பத்திரிகை ஒன்றும் கண்ணில் படவில்லை. திரும்பிப் போனால் என் மேசையில் ஒரு வாரத்துத் துண்டுகள் குவிந்து கிடந்தன. எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு உட்கார்ந்து மளமளவென்று அட்டை அடித்தேன். அதில் ஒன்று கட்டடம் இடிந்த செய்தி. தலைப்பைப் படித்தேன், குத்தியிருந்த தேதியைப் பார்த்தேன், கை ஒரு நாளைக் கழித்தது. திங்கட்கிழமைத் தேதி போட்டு வெள்ளை அட்டை அடித்தேன். சக்ஸேனா சாப் மூன்று தரம் "பக்கா?" என்று கேட்டார். மூன்று தரமும் ஒரே குரலில் "பக்கா" என்றேன். அவருக்கும் அன்றைக்கு நூறு அட்டை.

ஆஸ்பத்திரியில் பார்த்த லாரி எனக்கு நினைவு வராமல் இல்லை. ஆனால் அது செவ்வாய்க்கிழமை, நீ பிறந்த நாள். இது திங்கட்கிழமை என்று என் அட்டையே சொல்கிறது. அது வேறு ஏதோ விபத்து என்று விட்டுவிட்டேன். பாருங்கள், கண்ணால் பார்த்ததைவிட நானே அடித்த அட்டையை அதிகம் நம்பினேன்.

டிசம்பர் கடைசியில் அஞ்சலை வந்தாள்.

குப்பம்மா உங்களுக்கு நினைவிருக்கும். நம் லைனில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அவள் இருந்த ரயில் பாதை ஓரக் குடிசைகளில் எல்லோரும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள். குப்பம்மாதான் அஞ்சலையை அழைத்துவந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். குளிருக்கு ஒரு கோணிச்சாக்கை மடித்துத் தோளில் போட்டிருந்தாள்.

"ஐயா, இவ வூட்டுக்காரன் ஏழுமலை. அந்த இடிஞ்ச கட்டடத்துலதான் வேலை. செத்துப்பூட்டான். ஆனா கான்ட்ராக்டர் சேட்டோட ஆளுங்க, அவன் சாவல, வேலைய உட்டு ஓடிப்பூட்டான்னு எழுதி வச்சிருக்கானுங்க" என்றாள் குப்பம்மா.

விபத்து நடந்தபோது அஞ்சலை ஊரில் இருந்திருக்கிறாள். இறந்தவர்களைச் சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் காட்டினார்கள். ஏழுமலைக்கு இங்கே யாருமில்லை. குப்பம்மாவின் புருஷன் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தான்; சொந்தக்காரி இல்லை என்று குப்பம்மாவை ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை. அடையாளம் தெரியாத உடல்களைச் சர்க்கார் எரித்துவிட்டது. பட்டியலில் ஏழுமலை பேர் இல்லை. ஊருக்குப் போன சேதி, அவன் எவளையோ கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று. மாமியார் அஞ்சலையை வாசலில் நிறுத்தி, "நீ ஒழுங்கா இருந்திருந்தா எம்புள்ள ஏன் ஓடறான்?" என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வாணாங்கய்யா" என்றாள் அஞ்சலை. தலையை நிமிர்த்தவே இல்லை. "அவரு செத்துப்பூட்டாருன்னு ஒரு காயிதம் வேணும். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு சொல்றாங்க. தாலிய வச்சிக்கறதா கழட்றதான்னு தெரியல."

நான் தயங்கினேன். உங்கள் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து சொன்னாள்: "ஏங்க, அந்தப் பிள்ளைக்கு ஒரு மனு எழுதிக் குடுத்தா என்ன கொறைஞ்சா போயிருவிய? ஊர்ல உள்ள ராஜா செத்ததெல்லாம் எழுதுதிய."

எழுத உட்கார்ந்தேன். குப்பம்மாதான் சாட்சி.

"காலையில என் வூட்டுல கஞ்சி குடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போனான். சாயங்காலம் மங்கள் பஜார்ல அஞ்சலைக்கு வளையல் வாங்கி அனுப்பணும், கூட வா அக்கான்னு சொன்னான். நான் பஜாருக்குப் போய் நின்னா அவன் வரல. அப்பதான் கட்டடம் வுழுந்துச்சுன்னு சொன்னாங்க."

மங்கள் பஜார் என்றால் செவ்வாய்க்கிழமை கூடும் தெருச்சந்தை. நான் பேனாவை வைத்துவிட்டு, "இல்லை குப்பம்மா. அது திங்கட்கிழமை" என்றேன்.

"மங்கள் பஜார் ஐயா. நான் வெங்காயம் வாங்குனேன்."

"வெங்காயம் வேற நாள் வாங்கியிருப்பே. என் ஆபீஸ்ல அட்டை இருக்கு. பேப்பரைப் பார்த்து நானே என் கையால அடிச்சது. திங்கக்கிழமை."

"அப்பிடிங்களா?" என்று குப்பம்மா என்னையே பார்த்தாள். "ஆபீசுல இருந்தா சரியாத்தான் இருக்கும். நான் மக்கு, நாள் கிழமை எனக்கென்ன தெரியும்."

அஞ்சலைகூட அவளைக் கடிந்துகொண்டாள். "சும்மா இரு அக்கா, ஐயா படிச்சவரு." மனுவில் எழுதினேன்: 'திங்கட்கிழமை காலை குப்பம்மா வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு வேலைக்குச் சென்றவர் அன்றே விபத்தில் இறந்தார்.' தேதிக்கு ஆதாரமாக எங்கள் ஆபீஸ் அட்டையின் எண்ணையும் குறிப்பிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. குப்பம்மா கீழே கைநாட்டு வைத்தாள்.

பிப்ரவரியில் அஞ்சலையையும் குப்பம்மாவையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்த்துச் சொல்ல நானும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் கான்ட்ராக்டரின் முன்ஷி, பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு. முன்ஷி என்றால் ஆள் கணக்கு எழுதுகிறவன். கூலியாட்கள் தினமும் வேலை முடிந்த பிறகு சாயங்காலம்தான் அதில் கைநாட்டு வைப்பார்கள். அதனால் விபத்து நடந்த நாளில் செத்தவன் எவனுக்கும் கைநாட்டு இருக்காது.

அதிகாரி மனுவைப் படித்தார். பிறகு பேரேட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபமும் படவில்லை.

"திங்கட்கிழமை வேலைக்கு வந்தான் என்கிறீர்கள். முன்ஷியும் அதையேதான் சொல்கிறார். திங்கட்கிழமை சாயங்காலம் அவன் கைநாட்டு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இல்லை. உங்கள் சாட்சியும் செவ்வாய்க்கிழமை பார்த்ததாகச் சொல்லவில்லை. இதில் தகராறு எங்கே இருக்கிறது?"

"கட்டடம் இடிந்ததே திங்கட்கிழமைதானே, சார்" என்றேன்.

அவர் கோப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். தீயணைப்புக்காரர்களின் அறிக்கை. செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.

அந்த இடத்தில், அந்த நாற்காலியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லாரி, வெள்ளை முகங்கள், கதவுப் பலகை, லட்டுப் பெட்டி. நீ பிறந்து அரை மணி நேரம் கழித்துக் கட்டடம் இடிந்திருக்கிறது.

நான் அப்போதே எழுந்து நின்று, "சார், தேதியைத் தப்பாக எழுதியது நான். இந்த அம்மா முதலிலேயே செவ்வாய் என்றுதான் சொன்னாள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனுவில் என் ஆபீஸ் அட்டையின் எண் இருந்தது. வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட, அந்த முன்ஷிக்கு முன்னால் மானம் போகுமே என்ற வெட்கம். அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடினார். முன்ஷி எழுந்து எனக்கு நமஸ்தே சொன்னான்.

வெளியே வந்ததும், "என்னாங்கய்யா சொன்னாங்க?" என்று அஞ்சலை கேட்டாள்.

"ருசு போதலையாம்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் ஆபீஸில் அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் நீலக் கோடு இருந்தது. மெல்லிய கோடுதான், ஆனால் இருந்தது. முதல் வரியிலேயே 'இன்று காலை' என்றும் இருந்தது. அட்டையையும் துண்டையும் சக்ஸேனா சாப் முன்னால் வைத்து, அஞ்சலை கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இதில் என் 'ஸ'வும் இருக்கிறது" என்றார்.

அவரே எழுந்து போய் அட்டையைச் சரியான அறையில் மாற்றி வைத்தார். ஆனால் வருடக் கடைசியில் அனுப்பும் 'ஆண்டு நிகழ்ச்சிகள்' தொகுப்பு ஏற்கெனவே எல்லா ஊருக்கும் தபாலில் போயிருந்தது, திங்கட்கிழமைத் தேதியோடு. திருத்தச் சீட்டு அடித்து அனுப்பினோம். அவர் அதை ஒட்டும்போதே சொன்னார்: "தப்பை எல்லோரும் அச்சடிப்பார்கள். திருத்தத்தை ஒருவனும் அச்சடிக்க மாட்டான்." பிறகு, "அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போ" என்றார். மத்தியானம்கூட ஆகவில்லை, லீவும் எழுதச் சொல்லவில்லை.

குடிசைப் பகுதியில் குழாயடியில் இருவரும் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, நீலக் கோடு, விசாரணையில் நான் வாயை மூடிக்கொண்டது எல்லாம்.

குப்பம்மா துணியைக் கல்லில் வைத்தாள். "நான் அன்னிக்கே சொன்னேனே ஐயா, மங்கள் பஜாருன்னு. நீங்க காயிதம் படிச்சவரு. நான் வெங்காயம் வாங்குனவ. வெங்காயம் வாங்குனவ பேச்சு எடுபடுமா?"

ஆஸ்பத்திரியில் லாரி வந்ததையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. அஞ்சலை சட்டென்று எழுந்தாள்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"பாத்தீங்களா? அவருக்கு நெத்தியில வெட்டுத் தழும்பு இருக்கும். இங்க, புருவத்துக்கு மேல. சின்னதுல கரும்பு வெட்டையில அருவா பட்டது. அப்பிடி ஒருத்தரப் பாத்தீங்களா ஐயா?"

அவள் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் போதும். வேறு காகிதமே கேட்டிருக்க மாட்டாள். எனக்கு வாய்வரை வந்தது. ஒரே ஒரு பொய். ஆனால் இவளிடம் ஏற்கெனவே ஒரு தடவை தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லியிருந்தேன்.

"பாக்கலம்மா. குழந்தை பிறந்த நேரம், பாக்கக் கூடாதுன்னாங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டேன்."

அவள் உட்கார்ந்து துணியை மறுபடியும் அலச ஆரம்பித்தாள். "கொழந்த நல்லா இருக்கட்டும்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது மனு போட்டோம். சக்ஸேனா சாப் ஆபீஸ் தாளிலேயே தப்பு எங்களுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிகாரி மாறியிருந்தார். புது அதிகாரி, "அன்று திங்கள் என்று கைநாட்டு வைத்த சாட்சி இன்று செவ்வாய் என்கிறாள். நாளை புதன் என்பாள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கோடைக்கு முன்னால் அஞ்சலை ஊருக்குப் போய்விட்டாள். ரயிலேற்றிவிட நான் போகவில்லை. போக முகம் இல்லை. சில வருடம் கழித்து ஊருக்குப் போய்வந்த குப்பம்மா சொன்னாள்: அஞ்சலை அண்ணன் வீட்டில் இருக்கிறாள், ஊரில் இன்னும் ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றுதான் பேர். யாரையும் கேட்காமல் தாலியை அவளே கழற்றிவிட்டாளாம். வருடா வருடம் அந்தத் தேதிக்கு இலை போட்டுப் படைக்கிறாளாம். திங்கட்கிழமைத் தேதிக்கு அல்ல, குப்பம்மா சொன்ன தேதிக்கு.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் வந்து அட்டைகளைக் காயலான்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். தேக்குப் பெட்டிகளை யாரோ மளிகைக் கடைக்காரர் வாங்கிப் போனார். சக்ஸேனா சாப் அதைப் பார்க்க இல்லை. நாங்கள் அனுப்பிய அந்த 'ஆண்டு நிகழ்ச்சிகள்' தொகுப்பிலிருந்து ஒரு புத்தகம் எடுத்திருக்கும், அந்தப் புத்தகத்திலிருந்து இன்னொன்று. இப்போது உலகத்தில் எவன் எங்கே தட்டினாலும் அந்தக் கட்டடம் திங்கட்கிழமைத் தேதியில்தான் இடிகிறது.

சுமதி, உன் பிறந்த நாள் மத்தியானங்களில் நான் போனது அந்த ஆஸ்பத்திரியின் பின் கேட்டுக்குத்தான். பதினொன்றரைக்குப் போய் ஒரு மணி வரை நிற்பேன். யாரை உள்ளே கொண்டுபோனாலும் முகத்தைப் பார்ப்பேன். அவ்வளவுதான். ஒரு உபயோகமும் இல்லை என்று எனக்கே தெரியும். போன வருடத்திலிருந்து முழங்கால் விடவில்லை, போகவில்லை.

ரகு அனுப்பிய பட்டியலைக் கடையில் கொடுத்து அச்சடித்து வாங்கினேன். இதனோடு வைத்திருக்கிறேன். 'இறப்புகள்' என்பதன் கீழே, எல்லாப் பெரியவர்களுக்கும் அப்புறம், பேனாவால் எழுதியிருக்கிறேன்: ஏழுமலை, கட்டடத் தொழிலாளி. புருவத்துக்கு மேல் வெட்டுத் தழும்பு. ஆதாரம் ஒன்று, மாலைப் பத்திரிகை. ஆதாரம் இரண்டு, குப்பம்மா, அன்று வெங்காயம் வாங்கியவள்.

இதைப் படித்த பிறகு உன் பிறந்த நாள் உனக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், அம்மா. மன்னித்துக்கொள். நீ பிறந்ததும் அவன் இறந்ததும் ஒரே நாள். ஒரு தடவை அதை நான் பிரித்து எழுதிவிட்டேன். இப்போது சேர்த்து எழுதுகிறேன். பக்கா.